குற்றவாளி பன்றியா?

எங்கள் வகுப்பில் ஒருத்தி கை கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தால் போதும், "பன்றி!" என்று நாலா பக்கமும் குரல் எழும். சென்ற ஆண்டு அந்தச் சொல் ஒரு தோழியை அழ வைத்துவிட்டது. அவள் வீட்டில் பன்றி வளர்க்கிறார்கள். அந்த வருமானத்தில்தான் அவள் படிக்கிறாள். தெரியாமல் சிரித்தோம், தெரிந்த பின்னும் சிலர் சிரித்தோம். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

உயிரியல் பாடத்தில் நாடாப்புழுவைப் படித்தோமே, நினைவிருக்கிறதா? பன்றியின் தசையில் தங்கும் அந்தப் புழுவின் முட்டை எங்கிருந்து வருகிறது? மனிதனின் மலத்திலிருந்து! திறந்த வெளியை அசுத்தம் செய்பவர்கள் நாம், வேறு தீனியின்றி அதைத் தின்பது பன்றி, பழியும் அதற்கே. சேற்றில் புரள்வதும் அழுக்கின் மேலுள்ள ஆசையால் அன்று. நம்மைப் போல வியர்த்து உடலைக் குளிர்வித்துக்கொள்ள அதனால் இயலாது. வெயிலுக்குச் சேறுதான் அதற்குக் குடை.

நல்ல இடம் கொடுத்தால் அதே பிராணி எப்படி வாழும்? பூகோள வகுப்பில் மத்தியதரைக் கடல் நாடுகளின் ஓக் மரங்களைப் பற்றிப் படித்தபோது விடை கிடைத்தது. ஸ்பெயின் நாட்டின் தென்மேற்கில் 'தெஹேசா' எனப்படும் மரங்கள் பரவலாக நிற்கும் மேய்ச்சல் நிலங்கள் உண்டு. ஐபீரியப் பன்றி என்னும் பழைய நாட்டினம் அங்கே வளர்கிறது. கரிய தோல், நீண்ட மூக்கு, மெல்லிய கால்கள். கோடையின் வெப்பத்தையும் தாங்கும், குளிரையும் தாங்கும். அக்டோபர் வாக்கில் ஓக் கொட்டைகள் உதிரத் தொடங்கியதும் மந்தையாக மேய விடுகிறார்கள். பகலெல்லாம் நடந்து, கொட்டையைக் கடித்து, ஓட்டைத் துப்பிவிட்டுப் பருப்பை மட்டும் தின்னுமாம். எவ்வளவு நாசூக்கு!

ஓக் கொட்டையில் வளர்ந்தது என்று சொல்லி அந்த இறைச்சியை விற்பதற்கு 2014ஆம் ஆண்டின் அரசாணை ஒன்று இருக்கிறது. மரங்கள் செழித்த இடத்திலும் ஒரு ஹெக்டேருக்கு 1.25 பன்றிக்கு மேல் கூடாது. கணக்குப் போட்டுப் பார்த்தோம்: ஏறக்குறைய 2 ஏக்கருக்கு ஒன்று! எங்கள் விளையாட்டு மைதானமே அத்தனை பெரிதில்லை. குறைந்தது 60 நாள் மேய்ந்து, 46 கிலோ எடை கூடவும் வேண்டும். முடிவில் அவையும் கசாப்புக்குத்தான். அதை நாங்கள் மறைக்கவில்லை.

"ஓக் காட்டுக்கு நாங்கள் எங்கே போவது?" என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. காடு வேண்டாம். வேலியிட்ட சிறிது நிலம், நிழல், நல்ல தண்ணீர், சுத்தமான தீனி, புரள ஒரு குட்டை போதும். ஊரில் வீட்டுக்கு வீடு கழிப்பறையும் வேண்டும். அது பன்றியின் பொறுப்பன்று.

போதிய இடமிருந்தால் பன்றி தான் படுக்கும் இடத்தை அசுத்தம் செய்யாது, ஒரு மூலையை அதற்கென ஒதுக்கிக்கொள்ளும் என்று எங்களுக்குச் சொன்னவள் அந்தத் தோழியேதான். அவள் வீட்டுப் பட்டியைப் பார்க்க வரலாமா என்று கேட்டிருக்கிறோம். அம்மாவைக் கேட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறாள்.