ரத்தக்கட்டிக்குள் என்ன இருக்கிறது?

பக்கவாதம் வந்தவருக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டும் சில நேரம் அடைப்பு விலகுவதில்லை. கொண்டுவரத் தாமதமாகிவிட்டது என்பார்கள். பல சமயம் அது உண்மைதான். ஆனால் கட்டி எப்படிப் பின்னப்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம்.

ரத்தம் உறைவது கஞ்சி ஆறி இறுகுவது போன்றதல்ல. ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்திலிருந்து த்ராம்பின் நொதி சில சிறு துண்டுகளை நறுக்கிவிடும். உடனே, ஏறத்தாழ 45 நானோமீட்டர் நீளமுள்ள அந்த மூலக்கூறுகள் பாதி பாதியாகத் தள்ளி அடுக்கப்பட்டு ஃபைப்ரின் இழைகளாகின்றன. இழைகள் கிளைத்து வலையாகின்றன. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இழையின் குறுக்கே 22.5 நானோமீட்டருக்கு ஒரு வரி தெரிகிறதே, அது இந்தப் பாதி அடுக்கின் தடயம். சாதாரண நுண்ணோக்கியில் சுமார் 200 நானோமீட்டருக்கும் நுணுக்கமானவை பிரிந்து தெரியாது.

எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கும் ஒரு குறை உண்டு. வழக்கமான முறையில் கட்டியை ரசாயனத்தில் பதப்படுத்தி, நீரை அகற்றி, உலோகப் பூச்சு பூசி வெற்றிடத்தில் வைக்க வேண்டும். நாம் பார்ப்பது உலர்ந்த கட்டியைத்தான். ஒளிரும் சாயமேற்றிக் கன்ஃபோகல் நுண்ணோக்கியில் பார்த்தால் நுணுக்கம் குறையும். ஆனால் ஈரம் மாறாத வலை மருந்தில் கரைவதை நேரடியாகவே பார்க்கலாம். அப்படிப் பார்த்ததில் ஒரு வேடிக்கை தெரிந்தது: தனி இழையாக எடுத்தால் மெல்லியதுதான் சீக்கிரம் அறுபடுகிறது. ஆனால் மெல்லிய இழைகள் நெருக்கிப் பின்னிய வலையோ, தடித்த இழைகளின் தளர்ந்த வலையைவிட மெதுவாகவே கரைகிறது. அறுக்க வேண்டிய இழைகள் அங்கே அவ்வளவு அதிகம்.

2014-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜான் வைசல் குழுவினர் இன்னொன்றைக் காட்டினார்கள். தட்டணுக்கள் வலையை இழுத்துச் சுருக்கும்போது அவையும் ஃபைப்ரினும் வெளிப்புறத்தில் சேர்கின்றன. நடுவில் சிக்கிய சிவப்பணுக்கள் தட்டு வடிவத்தை இழந்து, பல முகங்கள் கொண்டவையாக இடைவெளியின்றி நெருங்கிவிடுகின்றன. மாரடைப்பு நோயாளிகளின் இதயத் தமனியிலிருந்து எடுத்த கட்டிகளிலும் இதே வடிவம் இருந்தது. இவ்வளவு நெருக்கத்துக்குள் மருந்து எளிதில் புகாது.

மூளைத் தமனியிலிருந்து குழாய்வழி கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சை 2015-க்குப் பின் பரவியதால், ஆய்வுக்கு நோயாளிகளின் கட்டிகளே கிடைக்கின்றன. ஆனால் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு மருந்தை முடிவுசெய்ய அவசரப் பிரிவில் நேரம் ஏது? அதனால்தான் நுண்ணோக்கியில் கண்டதை சி.டி. ஸ்கேனுடன் ஒப்பிடுகிறார்கள். சிவப்பணு மிகுந்த கட்டி ஸ்கேனில் கூடுதல் வெளிச்சமாகத் தெரியும். ஃபைப்ரின் மிகுந்தது அவ்வளவு தெரியாது.