சொல்லிலிருந்து தொடங்குவோம்

'கற்பழிப்பு' என்னுஞ் சொல் நம் செய்தித்தாள்களிலும் நாவிலும் நெடுங்காலமாக வழங்கி வந்துள்ளது. தமிழ் பயிலும் மாணவன் யான். சொல்லின் பொருளை ஆராய்தல் என் கடன். கற்பென்பது உள்ளத்தின் உறுதி. ஒருத்தியின் உள்ளத்துறுதியைப் பிறனொருவன் அழித்தல் யாங்ஙனம்? குற்றம் புரிந்தவன் ஒருவன். இழிவு சுமப்பவள் மற்றொருத்தி. இச்சொல்லே முதல் அநீதியன்றோ?

இவ்வெண்ணம் நீதிமன்றத்துள்ளும் புகும் என்பதற்கு வரலாறே சான்று. 1972-இல் மகாராட்டிரத்துத் தேசாய்கஞ்சுக் காவல்நிலையத்தில் பழங்குடிச் சிறுமி ஒருத்தி வன்கொடுமைக்கு ஆளானாளென வழக்கு எழுந்தது. உயர்நீதிமன்றம் காவலர் இருவர்க்குத் தண்டனை விதித்தது. 1978-இல் உச்சநீதிமன்றம் அவர்களை விடுவித்தது. உடம்பிற் காயமில்லை, கூக்குரல் எழுந்திலது என்பன காரணங்கள். அச்சத்தால் நா எழாமை இசைவாகுமோ?

1979-இல் சட்ட ஆசிரியர் நால்வர் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடலொன்று வரைந்தனர். 1980-இல் பம்பாய், டெல்லி முதலிய நகரங்களில் மாதர் வீதியில் திரண்டனர். தீர்ப்பு மாறவில்லை, ஆயினும் 1983-இல் சட்டம் மாறிற்று. காவலர்மீதுள்ள இத்தகைய வழக்கில், உடலுறவு மெய்ப்பிக்கப்பட்டவிடத்து, 'யான் இசைந்திலேன்' என அப்பெண் மொழியின் நீதிமன்றம் அவ்வாறே கொள்ளல் வேண்டுமென விதியாயிற்று. அவள் பெயரை வெளியிடலும் குற்றமாயிற்று. நான்கு கையொப்பங்களில் தொடங்கிய செயல் இது!

கடுந்தண்டனையே தீர்வென்பர் சிலர். அவர்தம் சினம் நேரியதே. ஆயின், காவல்நிலைய வாயிலிலேயே திருப்பியனுப்பப்படும் பெண்ணுக்குத் தண்டனையின் கடுமையாற் பயனென்னை? அவள் முறையீட்டைப் பதிய மறுக்கும் காவலர் தண்டனைக்குரியர். அரசினதாயினும் தனியாரதாயினும் மருத்துவமனை கட்டணமின்றி மருத்துவஞ் செய்தல் வேண்டும். 2013-இல் சட்டமான இவற்றை, 2024-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தொகுப்புகளும் கைவிடவில்லை. நம் ஊரில் இவற்றை அறிந்தார் எத்துணையர்?

ஆதலின், அன்பர்காள்! நம் இயக்கம் பெருமேடையில் தொடங்க வேண்டா. ஊருக்கு ஐவர் போதும். தெருத்தோறும் சட்டத்தை எளிய தமிழிற் கூறுவோம். துணை வேண்டுவாளோடு காவல்நிலையத்திற்கும் மருத்துவமனைக்கும் உடன் செல்வோம். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளினும், ஒவ்வொரு தவணைக்கும் நீதிமன்ற வாயில்வரை உடனிருப்போம். அவள் விருப்பமின்றி ஒன்றுஞ் செய்யோம். அவள் பெயரை எவர்க்கும் உரையோம். இவை யனைத்திற்கும் முன்னர், அப்பழஞ்சொல்லை நம் நாவினின்று நீக்குவோம். 'வன்கொடுமை' என்றே வழங்குவோம். பழி செய்தவனையே சென்று சேர்க!