உறங்கும் வித்துக்களின் கணக்கு

போடிமெட்டின் வளைவுகளைக் கடந்து பூப்பாறைப் பக்கம் இறங்கி, ஆனி மாதத்து ஏலத்தோட்டங்களுக்குள் நடந்தவர்கள், விடாது பெய்த மழைக்குப்பின் சரத்திலுள்ள பச்சைக் காய்கள் நீர்கோத்து நிறம் மங்கி, விரல் பட்டதும் உதிர்ந்து நாறுவதைக் கண்டிருப்பார்கள். அழுகல் என்று மலையாளத்தாரும் தமிழ்த் தொழிலாளரும் ஒரே சொல்லால் குறிக்கும் இந்நோய்க்குக் காரணமான ஃபைட்டோப்தோரா (இன்றைய சாஸ்திரம் அதைப் பூசண வம்சத்தினின்று விலக்கிப் பாசிகளின் உறவில் சேர்த்துவிட்டது; அது வேறு விஷயம்) மழையோடு வந்திறங்கியதன்று; வேனில் முழுதும் மண்ணிலும் சருகிலும் தடித்த தோல் போர்த்த வித்துக்களாக அங்கேயே கிடந்தது.

அதற்கு எதிராக நாம் வாங்கிப் போடும் டிரைக்கோடெர்மா என்னும் பூசணப் பொடியும் உறங்கும் வித்துக்களே என்பதைத்தான் பலரும் சிந்திப்பதில்லை. பிற பூசணங்களைப் பற்றிச் சுற்றி உண்ணும் அதன் சுபாவத்தை 1932-இல் வெய்ண்ட்லிங் என்னும் ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினார். பூசண வித்தின் நித்திரை மரணமன்று: ட்ரெஹலோஸ் என்னும் சர்க்கரை உள்ளுறுப்புகளை உலர்ச்சியினின்று காக்க, விழித்தவுடன் வேண்டிய காரியங்களுக்கான ஜீன்களின் கட்டளை ஓலைகள் முன்கூட்டியே எழுதி மடித்து வைக்கப்பட்டிருப்பதாக, ஆஸ்பெர்ஜில்லஸ் முதலிய பூசணங்களை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ஈரமும் உணவும் கிட்டியதும் அச்சர்க்கரை கரைகிறது. பழைய ஓலைகள் கழிந்து புதிய ஜீன்கள் பேசத் தொடங்குகின்றன. வித்து பருத்து முளைக்குழலை நீட்டுகிறது. டிரைக்கோடெர்மாவுக்கோ வெறும் நீர் போதாது, வெளியிலிருந்து உணவும் வேண்டும்.

ஆகவேதான் தொண்ணூறு கிலோ சாணத்தில் பத்துக் கிலோ வேப்பம்பிண்ணாக்கும் ஒரு கிலோ பொடியும் கலந்து, நிழலில் ஈரச்சாக்கால் மூடி, இடையிடையே கிளறி, இரண்டு வாரம் வைக்கச் சொல்லுகிறார்கள். சாக்கை விலக்கினால் குவியலின் மேல் பாசிப்பயற்று மாவைத் தூவினாற்போலப் பசுமை படர்ந்திருக்கவேண்டும். சென்ற ஆண்டு நான் ஒரு கடையில் வாங்கிய பொடியில் அந்தப் பசுமை எழவேயில்லை. தகரக் கூரையின் கீழ்ச் சித்திரை வெயிலில் அது எத்தனை நாள் வெந்ததோ, யாரறிவார்! கிராமுக்கு இருபது லட்சம் உயிருள்ள வித்துக்கள் என்பது சட்டத்தின் பிரமாணம். அது தயாரித்த நாளுக்கு மாத்திரம் பொருந்தினால் விவசாயிக்கு என்ன பிரயோஜனம்? மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த, பூசணங்களைக் கொல்லும் போர்டோ கலவையோடு அதே நாளில் இதையும் ஊற்றி, நல்ல வித்துக்களையும் கொன்றுவிடும் அவசரக்காரர்கள் வேறு இருக்கிறார்கள்.

என் அபிப்பிராயம் இதுவே: மானியத்தில் வழங்கும் பொடியாயினும் கடைச் சரக்காயினும், விவசாயி கைக்கு வரும் தறுவாயில் மாதிரி எடுத்து உயிருள்ள வித்துக்களை எண்ணவேண்டும். மயிலாடும்பாறையிலும் பாம்பாடும்பாறையிலும் ஏல ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. பாலக்காட்டு நெல்லியாம்பதித் தோட்டக்காரருக்குப் பட்டாம்பி நிலையம் உண்டு. சித்திரையில் எண்ணி முடிவைச் சொன்னால் வைகாசியில் குவியல் போடலாம்; ஆனியில் சொன்னால் துத்தம் விற்பவருக்கே லாபம்.