மதுவை விட முடிவெடுத்த பின் எங்கே செல்வது? கோலார் தங்கவயலில் கண்ணில் படாத கதவு

கோலார் தங்கவயல்: மதுவை விட்டுவிட வேண்டும் என்று முடிவெடுத்த ஒருவர் அடுத்து எங்கே செல்வது? கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலில், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பாலகாட் போன்ற பழைய சுரங்கக் குடியிருப்புகளில் இக்கேள்விக்கு எளிதான விடை கிடைப்பதில்லை. மதுக்கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு. மதுவை விட்டவர்கள் கூடும் இடத்துக்குப் பெரும்பாலும் பலகை இருப்பதில்லை.

இதை அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' (ஏ.ஏ.) அமைப்பு, தன்னை விளம்பரப்படுத்திக்கொள்வதில்லை என்பதைக் கொள்கையாகவே வைத்துள்ளது. கட்டணம் இல்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே சேருவதற்கான தகுதி. உறுப்பினர்களின் முழுப்பெயர் ஊடகங்களில் வெளியிடப்படுவதில்லை. இந்த மறைவுதான் பலருக்கு உள்ளே வரும் துணிவைத் தருகிறது. ஆனால், புதிதாகத் தேடி வருபவரின் கண்ணில் கதவு படாமல் போவதும் அதனால்தான்.

லைன் வீடுகளும் விடியற்கால ரயிலும்

தங்கவயலில் இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்ட பின், ஏராளமானோர் வேலைக்காக நாள்தோறும் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு ரயிலில் சென்று வருகின்றனர். விடியுமுன் கிளம்பி இரவில் திரும்புபவருக்கு, ஊரில் வார நாள் மாலை 6 மணிக்கு நடக்கும் கூட்டம் இருந்தும் இல்லாததே. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமே அவருக்குப் பயன்படும்.

சுவரோடு சுவர் ஒட்டிய 'லைன்' வீடுகளில், யார் எந்த வாசலில் நுழைகிறார் என்பது மறைவதில்லை. குடித்துவிட்டு வருவதை ஊர் பொறுத்துக்கொள்ளும். குடியை விடுவதற்குக் கூட்டத்துக்குப் போகிறார் என்றால்தான் பேச்சு எழும். விந்தைதான், ஆனால் நடைமுறை அதுவே. ஆகவே, தன்னை எவரும் அறியாத பெங்களூரில், பணியிடத்துக்கு அருகே ஒரு கூட்டத்தில் சேர்வது சிலருக்குப் பொருத்தமான வழியாக இருக்கலாம். அங்கு தமிழில் பேசும் குழுக்களும் உண்டு. மொழி இங்கு சிறிய விஷயமல்ல. கூட்டத்தின் உயிர், தன் கதையைத் தானே சொல்வது. கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ அதைச் சொல்ல வராதவர் வெறும் பார்வையாளராகவே அமர்ந்து திரும்புவார்.

2020 பொதுமுடக்கக் காலத்தில் பல குழுக்கள் இணையவழிக்கு மாறின. செல்போன் இருந்தால் போதும் என்பது பெரிய வசதி. ஆனால் ஒரே அறையில் குடும்பமே வாழும் வீட்டில் இதைத் தனிமையில் பேச முடியுமா என்பது வேறு கேள்வி.

மருத்துவமனையே முதல் வாசல்

2019-ல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 5.7 கோடி பேருக்கு மது தொடர்பான பாதிப்புக்கு உதவி தேவை. மதுவுக்கு அடிமையானோரில் 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றுள்ளார்.

நீண்டகாலம் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு, மனக்குழப்பம், சில நேரம் உயிராபத்தும் ஏற்படலாம். எனவே கூட்டத்துக்கு முன் மருத்துவரைக் காண்பது அவசியம். கோலார் மாவட்ட மருத்துவமனை, அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆகியவை அதற்கான இடங்கள். போதை மீட்புக்கான தேசியக் கட்டணமில்லா உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 'டெலி மானஸ்' எண் 14416.

மாற்றம் தேவைப்படும் இடமும் இதுவே. தேடுபவர் எப்படியும் ஒருமுறை வந்து நிற்கும் இடம் மருத்துவமனை. அமைப்பு விளம்பரம் செய்யாது என்றால், அது கூடும் நாளையும் நேரத்தையும் மொழியையும் சொல்ல வேண்டியவர் மருத்துவரும் செவிலியருமே. மருந்துச் சீட்டில் ஒரு வரி கூடுதலாக எழுத அரசுக்குத் தனி நிதி தேவையில்லை. அந்த வரிக்கு மதிப்பும் உண்டு. 10,565 பேர் பங்கேற்ற 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் வெளியான 'காக்ரேன்' மதிப்பாய்வு, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில், ஏ.ஏ.வில் பங்கேற்கச் செய்யும் முறையான சிகிச்சைகள் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிடக் கூடுதல் பலன் தருவதாகக் கண்டது.

குடிப்பவர் வர மறுத்தாலும், அவரது மனைவியோ பிள்ளைகளோ காத்திருக்கத் தேவையில்லை. குடும்பத்தினருக்கென 'அல்-அனான்' என்ற தனி அமைப்பு உள்ளது.

இருவர் போதும்

அருகில் குழுவே இல்லை என்றால்? ஏ.ஏ. மரபுப்படி, குடியை விட விரும்பும் இரண்டு மூன்று பேர் சேர்ந்தாலே அது ஒரு குழு. உலகெங்கும் இத்தகைய கூட்டங்கள் தேவாலயக் கூடங்களிலும் பள்ளி அறைகளிலும் நடக்கின்றன. தங்கவயலில் தேவாலயங்களுக்கும் பள்ளிகளுக்கும் குறைவில்லை. அமைப்பின் தொடக்கமும் அத்தகையதே. 1935 மே மாதம், ஆக்ரனுக்கு வணிக வேலையாக வந்த பில் வில்சன், விடுதியின் மது அறைக்குள் செல்லும் ஆசையை அடக்க, கூடத்திலிருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்து முன்பின் அறியாத ஒரு போதகருக்குத் தொலைபேசி செய்தார். பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்பதே அவர் கேட்டது. அடுத்தடுத்த அழைப்புகள் வழியாக அவருக்கு மருத்துவர் பாப் ஸ்மித் கிடைத்தார்.