முகம் அதேதான்... ஆள் யாரு?

போன ஞாயிறு, குத்தம்பாக்கம் பெரியம்மா வீட்டில் மதியச் சாப்பாடு. டி.வி.யில் ‘எங்க வீட்டுப் பிள்ளை’ ஓடிக்கொண்டிருந்தது. பயந்தாங்கொள்ளி ராமுவின் இடத்துக்கு வந்த இளங்கோ, சாட்டையை எடுத்து நம்பியாரை விளாசும் காட்சி. “நல்லா வேணும்!” என்றார் பெரியம்மா. அந்த நேரம் பார்த்து அவர் போனுக்கு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ்.

மாமாவின் போட்டோ, ஆனால் புது நம்பர். ‘ஹாய் சிஸ்டர், அவசரம். 20,000 ரூபாய் அனுப்புங்க. சாயங்காலம் தர்றேன்.’

கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். “என் தம்பி என்னிக்குடி என்னை சிஸ்டர்னு கூப்பிட்டான்?” என்றவர், மாமாவின் பழைய நம்பருக்கு போன் போட்டார். மாமா வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்!

ஆள் மாறாட்டக் கதை என்றாலே நமக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. 1958-ல் ‘நாடோடி மன்னன்’ படத்தில் ராஜாவின் இடத்தில் வீராங்கன். 1965-ல் இந்த இளங்கோ. 1981-ல் ‘தில்லு முல்லு’ படத்தில், இல்லாத சகோதரனாகவும் தானே நடித்து முதலாளியை ஏமாற்றும் ரஜினி.

இதில் எனக்குப் பிடித்தது 2014-ல் வந்த ‘கத்தி’. ஜீவானந்தம் என்ற பெயரில் நுழையும் கதிரேசன், முதலில் பணத்தோடு கம்பி நீட்டத்தான் பார்க்கிறான். அந்தப் பெயரை நம்பியிருக்கும் விவசாயிகளின் கதை தெரிந்ததும் அங்கேயே நின்றுவிடுகிறான். அடுத்தவர் பெயரோடு, அவர் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கிறான். அதனால்தான் நாம் விசில் அடிக்கிறோம். ஆனால், அவன் பெயரில் சிறைக்குப் போன அப்பாவி ஜீவானந்தத்தை யோசித்தால் அந்த விசில் கொஞ்சம் இறங்கிவிடும்.

வாட்ஸ்அப்பில் வருகிறவன் எந்தப் பாரத்தையும் சுமக்க வருவதில்லை. பணம் வந்ததும் காணாமல் போய்விடுவான்.

அதனால் புது நம்பரில் யார் பணம் கேட்டாலும், முதலில் பழைய நம்பருக்குக் கூப்பிட்டுப் பேசுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியிலேயே முடக்க அவ்வளவு வாய்ப்பு.

பெரியம்மா இப்போது இன்னொரு ஏற்பாடும் செய்திருக்கிறார். மாமா இனி பணம் கேட்டால், சின்ன வயசுச் சம்பவம் ஒன்றிலிருந்து கேள்வி கேட்பாராம். என்ன கேள்வி என்று எவ்வளவோ கெஞ்சிவிட்டேன்.

எனக்கே இன்னும் சொல்லவில்லை!