‘சேமிக்கப்பட்டது’ என்று சொன்னால் சேமித்திருக்க வேணும்

வெப் அப்ளிகேஷன் செய்யப் பழகிற எல்லாரையும் ஒருநாள் இந்தப் பிழை பிடிக்கும். படிவத்தில் பெயர், மின்னஞ்சல், தொலைபேசி இலக்கம் மூன்றையும் நிரப்பி பட்டனை அழுத்துகிறோம். ‘வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் வருகிறது. தரவுத்தளத்தைத் திறந்தால் பெயர் இருக்கு, மின்னஞ்சல் இருக்கு, தொலைபேசி இலக்கத்தைக் காணேல்ல. எரர் ஒன்றும் இல்லை. ஆர் களவெடுத்தது?

ரூபி ஆன் ரெயில்ஸில் என்றால், அநேகமாகக் களவெடுத்தது கொன்ட்ரோலரில் இருக்கும் ‘பெர்மிட்’ பட்டியல். பிறகு சேர்த்த புலத்தின் பெயரை அந்தப் பட்டியலில் எழுத மறந்தால், ரெயில்ஸ் அதை மட்டும் வாசலில் நிறுத்திவிட்டு மிச்சத்தைச் சேமிக்கும். லாரவெலில் ‘ஃபில்லபிள்’ பட்டியலும் இதே வேலையைத்தான் செய்யுது.

இதுக்கு இணையத்தில் கனபேர் எடுக்கிற மருந்து, பட்டியலைத் தூக்கிவிட்டு எல்லாவற்றையும் அனுமதிப்பது. ரெயில்ஸில் ‘பெர்மிட்’டுக்குப் பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி போட்டால் போதும், உடனே வேலை செய்யும். நாங்கள் இதைக் கடுமையாக எதிர்க்கிறோம். அந்தப் பூட்டு சும்மா வந்ததில்லை. 2012 மார்ச்சில் எகோர் ஹோமகோவ் என்பவர் கிட்ஹப்பில் இதே ஓட்டையைக் காட்டினார். படிவத்தில் இல்லாத ஒரு புலத்தைத் தானே சேர்த்து அனுப்பி, ரெயில்ஸின் சொந்தக் களஞ்சியத்துக்குள்ளேயே அனுமதியில்லாமல் எழுதிக் காட்டினார். 2013இல் வந்த ரெயில்ஸ் 4, ‘பெர்மிட்’ பட்டியலைக் கட்டாயமாக்கியது. பூட்டை உடைத்தால் உங்கட தொலைபேசி இலக்கம் சேமிக்கப்படும். ஆரோ ஒருவர் தன்னைத் தானே அட்மின் ஆக்குகிற வழியும் சேர்ந்து திறக்கும்.

ஆகவே பூட்டில் பிழையில்லை. பூட்டு வாய் திறக்காமல் இருப்பதுதான் பிழை என்கிறோம்.

ரெயில்ஸ் முழு ஊமை இல்லை. டெவலப்மென்ட் நேரத்தில் ‘அனுமதிக்கப்படாத பராமீட்டர்’ என்று லொக்கில் ஒரு வரி எழுதும். ஆனால் நூற்றுக்கணக்கான வரிகளுக்குள் அந்த ஒரு வரியை ஆர் பார்க்கிறது? புரொடக்ஷனில் இயல்பாக அந்த வரியும் இல்லை. பொதுவெளியில் ஆரும் என்ன புலத்தையும் அனுப்பலாம், ஒவ்வொன்றுக்கும் தளம் விழக்கூடாது என்பது நியாயம்தான். ஆனால் நாங்கள் எழுதிச் சோதிக்கிற நேரத்தில் அது கத்தவேணும். ரெயில்ஸில் லொக்குக்குப் பதிலாக எரர் எழுப்பச் சொல்லும் அமைப்பு இருக்கு. லாரவெலிலும் 9ஆம் பதிப்பில் அப்படியொன்று வந்துவிட்டது. புதுப் புரொஜெக்ட் தொடங்கும் முதல் நாளே இதைப் போடுங்கோ.

பட்டியல் சரியாக இருந்தும் சேமிக்கவில்லையா? மூன்று இடங்களைப் பாருங்கோ. ‘சேவ்’ தோற்றால் எரர் தராது, ‘ஃபோல்ஸ்’ என்று மட்டும் திருப்பித் தரும். அதைப் பார்க்காமல் பச்சை எழுத்தைக் காட்டினால் பொய் சொல்வது எங்கட கோட்தான். அடுத்தது, தரவுத்தளத்தில் இருக்கிற புலத்தின் பெயரிலேயே மொடலில் ‘அட்ரிபியூட் அக்செசர்’ எழுதியிருந்தால், பெறுமதி நினைவகத்தில் மட்டும் நிற்கும். திரும்ப எடுத்தால் இருக்காது. ஜாங்கோவில் எழுத்துப்பிழையோடு ஒரு புலத்துக்குப் பெறுமதி கொடுத்துப் பாருங்கோ. பைத்தன் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளும், தரவுத்தளத்துக்கு ஒன்றும் போகாது.

இதைவிட மோசம், அரைகுறையாகச் சேமிப்பது. எங்கட பழைய அடையாள அட்டை இலக்கத்தில் 9 எண்களும் கடைசியில் ஒரு எழுத்தும் இருக்கும். அந்தப் புலத்தை முழுஎண் வகையாக வைத்தால் ரெயில்ஸ் அந்த எழுத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். 077இல் தொடங்கும் தொலைபேசி இலக்கத்தில் முன்னுக்கு நிற்கிற பூச்சியமும் போயிடும். கூட்டிக் கழிக்காத இலக்கம் எதுவும் எண் இல்லை, அது எழுத்துச்சரம். வெளிநாட்டு டியூட்டோரியலில் அடையாள அட்டை இலக்கம் வராது; இதை நாங்கள்தான் யோசிக்கவேணும்.

இதெல்லாம் டெவலப்பர் ஆக்களின் தலையிடி மட்டுமில்லை. ஒரு பிள்ளை புலமைப்பரிசிலுக்கு ஒன்லைனில் விண்ணப்பிக்குது என்று வையுங்கோ. பச்சை எழுத்தைப் பார்த்து நம்பிக்கையோடு போனை வைத்துக்கொண்டு இருக்கும். இலக்கம் தரவுத்தளத்தில் இல்லாதபடியால் அழைப்பு வராது. தன்னைத் தெரிவு செய்யேல்ல என்று அந்தப் பிள்ளை நினைக்கும். எங்கேயும் எரர் பதிவாகாததால் முறையிட ஒரு ஆதாரமும் இருக்காது.

சிவப்பு எழுத்தைக் கண்டு பயப்படுகிற பழக்கத்தை விடுவம். எரர் வந்தால் எங்க பார்க்கவேணும் என்றாவது தெரியும். ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு சிறு சோதனை எழுதுங்கோ: சேமி, தரவுத்தளத்திலிருந்து திரும்ப எடு, புலம் புலமாக ஒப்பிடு. அது தேறின பிறகு பச்சை எழுத்தைக் காட்டுவம்.