அரை நிமிட அழகும் நான்கு மணி நேர ஆட்டமும்

முகத்திலே என்ன பூசுவது என்பது பற்றி ஒரு கட்டுரையா, அதுவும் சங்க மலரிலா என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். சுளிக்கட்டும். பிரியாவிடை விழா நெருங்கிவிட்டால் மாணவியர் விடுதியிலே தேர்வைக் காட்டிலும் அதிகமாகப் பேசப்படுவது எது என்பது அவர்களுக்கும் தெரியும். மாணவர் விடுதியிலே அந்தப் பேச்சு இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். அங்கே கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

இந்தத் தலைநகரிலே பிரியாவிடை என்பது சொற்பொழிவோடும் மாலையோடும் முடிந்துவிடுகிற சடங்கு அல்ல. பெண்கள் பட்டுப் புடவையிலும் ஆண்கள் கோட்டிலும் வருகிறார்கள். விருந்து முடிந்ததும் விளக்குகளைத் தாழ்த்திவிட்டு நள்ளிரவு வரை ஆடுகிறார்கள். அமெரிக்கப் பள்ளிகளிலே 'ப்ராம்' என்று நடக்கிறதே ஒரு நடன விருந்து, அதன் சாயல் இதிலே நிறையவே உண்டு. ஆகையால் அந்த ப்ராமுக்கென்று அங்குள்ள பெண்கள் எடுத்து விடும் ஒப்பனைப் படங்கள் எல்லாம் நம் கைப்பேசிகளிலே வந்து குவிகின்றன. 2020 ஜூனில் டிக்டாக்கை இந்திய அரசு தடை செய்தது. அடுத்த மாதமே ரீல்ஸ் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. வாசல் மாறிற்றே ஒழிய, வருகிற விருந்தாளி மாறவில்லை.

வருகிறதெல்லாம் குப்பை என்று தள்ளிவிட நான் தயாராக இல்லை. ஆனால் எதை ஏற்பது, எதை விலக்குவது என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும் அல்லவா? நான் இரசாயனம் படிக்கிறவள். சோதனைச்சாலையிலே இரண்டு பொருள்களைக் கலந்த அந்த நொடியிலேயே குறிப்பேட்டை மூடிவிட்டுக் கிளம்பினால் எந்தப் பேராசிரியரும் பொறுத்துக்கொள்ள மாட்டார். இந்தப் படங்கள் செய்வதோ அதைத்தான். பூசி முடித்ததும் ஒரு புன்னகை; படம் தீர்ந்தது. உண்மையான சோதனை தொடங்குவதே அப்போதுதானே! ஏப்ரல் மாதத்து வெப்பமும், நூறு பேர் ஆடுகிற மண்டபத்தின் புழுக்கமும், நெற்றியிலிருந்து வழியும் வேர்வையும் அந்த அரை நிமிடத்திலே எங்கே இருக்கின்றன?

இன்னொன்றும் உண்டு, அதுதான் தொலைவு. இன்று புதுமை என்று காட்டப்படும் உத்திகளிலே பல, மேடையிலிருந்து இறங்கி வந்தவை. நம் கூத்துக் கலைஞர்கள் இதிலே பழம் தின்று கொட்டை போட்டவர்கள். அரிதாரம் என்ற சொல்லே ஆர்ஸெனிக் கலந்த ஒரு மஞ்சள் கனிமத்தின் பெயர்தான். அதை அரைத்துப் பூசிய காலம் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. முத்துவெள்ளை என்று அவர்கள் குழைத்துப் பூசுவது துத்தநாக ஆக்ஸைடு. இரவு தொடங்கி விடியும் வரை ஆடினாலும் அந்தப் பூச்சு நிற்கிறது. ஏன்? கனமாகப் பூசுகிறார்கள். முப்பது அடிக்கு அப்பால் தரையிலே உட்கார்ந்திருப்பவனுக்கு அது முகமாகத் தெரிய வேண்டும். விருந்து மண்டபத்திலே நம்முடன் ஆடுகிறவர் நிற்பதோ ஒரு கை நீளத்திலே. முப்பது அடிக்குப் பூசியதை மூன்று அடியிலே பார்த்தால் என்ன ஆகும்!

'பேக்கிங்' என்ற உத்தி இதற்கு நல்ல சான்று. கண்ணுக்குக் கீழே வெள்ளைப் பவுடரைக் கோபுரமாகக் குவித்து, ஐந்து பத்து நிமிடம் உடற்சூட்டிலே வேகவிட்டு, பிறகு தட்டிவிட வேண்டுமாம். பெண் வேடமிட்டு மேடையேறும் ஆண் கலைஞர்களிடையே வளர்ந்த முறை இது. கூசும் மேடை விளக்குக்கு ஏற்றது. எங்கள் அறையிலே நாங்கள் மூவர்: நெல்லைக்காரி நான், தஞ்சாவூர்த் தோழி ஒருத்தி, இமாசலப் பிரதேசத்துத் தோழி ஒருத்தி. மூவரும் முகத்தின் இடப்பாதியிலே பேக்கிங், வலப்பாதியிலே மெல்லிய ஒற்று என்று போட்டுக்கொண்டு, நான்கு மணி நேரம் விடுதியின் மாடிப்படிகளிலே ஏறி இறங்கினோம். மணிக்கொரு முறை கைப்பேசியின் ஃப்ளாஷ் வெளிச்சத்திலே படம் எடுத்தோம். காவலாளி எங்களைப் பற்றி என்ன நினைத்தாரோ தெரியாது. மூன்று முகத்தை வைத்துச் செய்ததை ஆராய்ச்சி என்று நான் சொல்ல மாட்டேன். என்றாலும் முடிவு வேடிக்கையானது. இமாசலத் தோழியின் இரண்டு பாதிக்கும் பெரிய வேற்றுமை இல்லை. எனக்கோ, வெறும் கண்ணுக்குத் தெரியாதது ஃப்ளாஷிலே தெரிந்துவிட்டது: இடக் கண்ணின் கீழே சுண்ணாம்பு அடித்த சுவர்! மூன்றாம் மணியிலே அந்தச் சுவரிலே விரிசலும் விட்டிருந்தது.

காரணம் மந்திரமல்ல. அந்தப் பவுடர்களிலே பலவற்றில் இருப்பது சிலிகா என்னும் நுண்மணல். அதன் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.46, தோலின் எண்ணெய்ப்பசைக்கும் கிட்டத்தட்ட அதே எண்தான். ஆகவே எண்ணெயோடு ஒட்டிக் கலந்த மெல்லிய படலம் கண்ணுக்குத் தெரியாது. உலர்ந்து குவிந்து கிடக்கும் பவுடரோ, காமிராவை ஒட்டி நின்று அடிக்கிற ஃப்ளாஷ் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். வெள்ளைத் தோலிலே வெள்ளை விழுந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? நம் தோலிலே தெரியும். படம் எடுத்தவள் பொய் சொல்லவில்லை. அவள் முகத்திலே அது உண்மைதான்.

நான் இதை எழுதப் புகுந்ததற்கே காரணம் இதுதான். வட நாட்டுக்கு வந்த தமிழ்ப் பெண்களிலே, விழாவன்று "இரண்டு படி வெளுப்பாகப் போட்டுக்கொள், போட்டோவிலே எடுப்பாக இருக்கும்" என்ற அறிவுரையைக் கேளாதவர் எத்தனை பேர்? அன்போடுதான் சொல்கிறார்கள். அதுதான் தொல்லை. அன்போடு சொன்னதை மறுக்க நாக்கு எழுவதில்லை. இரசாயனம் என்ன சொல்கிறது? முகப்பூச்சின் நிறங்கள் எல்லாமே பெரும்பாலும் நான்கு பொருள்களின் கூட்டல் கழித்தல்தான்: வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்ஸைடு, சிவப்பு, மஞ்சள், கறுப்புக்கு இரும்பு ஆக்ஸைடுகள். வெளுப்பான பூச்சு என்றால் வெள்ளை அதிகம் என்று பொருள். மாநிறத்தின் மேலும் கறுப்பின் மேலும் அந்த வெள்ளை ஏறினால் வருவது சிவப்பழகல்ல, சாம்பல். அந்த நான்கு பொருள்களையும் நம் நிறத்துக்குத் தக்கபடி கலப்பதற்கு எந்தப் புதுக் கண்டுபிடிப்பும் தேவைப்படவில்லை. ஆனாலும் 2017இல் ஃபென்ட்டி பியூட்டி என்ற நிறுவனம் 40 நிறங்களோடு கடை விரித்தபோது உலகமே அதை அதிசயமாகப் பார்த்தது. இங்கே 1975 முதல் விற்ற ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல் க்ளோ அண்ட் லவ்லி ஆயிற்று. பெயரை மாற்றியவர்கள் அறிவுரை சொல்கிறவர்களின் வாயையும் மாற்றினால் நன்றாயிருக்கும்!

நிறத்தை மனத்திலே கொண்டு பிறந்த உத்தி ஒன்றும் உண்டு. 2015இல் தீபிகா முத்யாலா என்ற இந்திய வமிசாவளி அமெரிக்கப் பெண், கண்ணின் கீழுள்ள கருவளையத்தின் மேல் சிவப்பு உதட்டுச் சாயத்தைத் தடவி, அதன்மேல் முகப்பூச்சைப் போட்டுக் காட்டினார். கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்ட படம் அது. பார்க்கச் சிரிப்பு வரும், தத்துவம் சரியானது. கருவளையத்திலே இருக்கும் நீலச் சாயலைச் செம்மஞ்சள் நிறம் அடித்துவிடுகிறது. வெளுத்த தோலுக்கு இளஞ்செம்மை போதும். நமக்கு நல்ல செம்மஞ்சளே வேண்டும். ஆகவே உத்தியை ஏற்கிறேன். உதட்டுச் சாயத்தை ஏற்கவில்லை. அது மெழுகும் எண்ணெயும். மண்டபச் சூட்டிலே கண் ஓரத்து மடிப்புகளிலே போய்த் தங்கிவிடும். மேலும், உதட்டுக்கு அனுமதித்த சில சிவப்புச் சாயங்களைக் கண்ணருகே இடுவதற்கு அமெரிக்காவிலேயே அனுமதி கிடையாது. இதற்கென்றே செம்மஞ்சள் பூச்சுகள் இப்போது கிடைக்கின்றன. மோதிர விரலால் தொட்டு ஒற்றினால் போதும்.

ஆண்கள் சவரத்துக்குப் பின் பூசும் தைலத்தை முகப்பூச்சுக்கு அடித்தளமாகப் பூசுவது இன்னொரு உத்தி. அதே 2015இல் நிக்கி டி யாகர் என்ற டச்சுப் பெண் காட்டியது. அதிலுள்ள கிளிஸரின் பசைபோல நின்று மேல்பூச்சைப் பிடித்துக்கொள்கிறது. ஆல்கஹால் இல்லாத தைலமாகப் பார்த்து வாங்கினால் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. (அண்ணன் தம்பியிடம் கடன் வாங்கலாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.) பவுடர் பூசிய முகத்தைக் குளிர்ந்த நீரிலே முக்கி எடுக்கும் கொரிய முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேலை செய்வது பவுடர். பெயர் தட்டிக்கொள்வது தண்ணீர். கோடையிலே நம் விடுதிக் குழாயில் வருகிற தண்ணீரை நினைத்தால் அந்த ஆசையும் போய்விடும்.

முடிக்கு அடிக்கிற 'ஹேர் ஸ்ப்ரே'யை முகத்துக்கு அடித்து ஒப்பனையை நிறுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். முகத்துக்கென்று விற்கும் தெளிப்பானிலும் படலம் போடும் பொருள்தானே இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் முகத்தின் அசைவுக்கும் கண்ணின் அருகாமைக்கும் ஏற்ற அளவிலே இருக்கிறது. முடிக்கு உள்ளதிலே ஆல்கஹாலும் எரிவாயுவும் மிகுதி. கண்ணிலே படக்கூடாது என்று அந்தக் குப்பியிலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

அதைவிடக் கொடியது சமையலறை வைத்தியம். விழாவுக்கு முதல் நாள் எலுமிச்சைச் சாறு, ஆப்ப சோடா, பற்பசை என்று முகத்திலே அப்பிக்கொள்ளச் சொல்கிறார்கள். எலுமிச்சைச் சாற்றின் அமிலநிலை எண் 2ஐ ஒட்டியது; ஆப்ப சோடா கரைசலுக்கு 8க்கு மேல்; நம் தோலுக்கோ ஏறக்குறைய 5. ஒன்று இந்தப் பக்கம் இழுக்கிறது, மற்றொன்று அந்தப் பக்கம் இழுக்கிறது. வெளுத்த தோல் எரிந்தால் பெரும்பாலும் சிவந்து, பிறகு ஆறிவிடும். மெலனின் மிகுந்த நம் தோல் எரிந்தால் அந்த இடம் கறுத்து, மாதக்கணக்கிலே கறுத்தபடியே நிற்கக்கூடும். ஒரே உத்தி, அவளுக்கு ஒரு மணி நேரத்துச் சிவப்பு, நமக்கு ஒரு பருவத்துத் தழும்பு! இதைப் படத்திலே யாரும் சொல்வதில்லை. மஞ்சளை நான் பழிக்க மாட்டேன். பழித்தால் ஊரிலே என் ஆச்சி வீட்டுக்குள் விடமாட்டாள். ஆனால் மஞ்சளோடு ஆப்ப சோடாவைக் குழைக்கச் சொல்லும் படத்தைப் பார்க்கிறவர்கள் ஆரத்தித் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் நீரிலே சுண்ணாம்பு விழுந்தால் என்ன நிறம் வருகிறது? அந்த முகத்தோடு விருந்துக்குப் போக வேண்டுமா?

செலவில்லாத இரண்டு உத்திகளுக்கு மட்டும் முழு மதிப்பெண் கொடுப்பேன். கண்மையின் வாலை நேராக இழுக்க ஓரத்திலே ஒரு துண்டு ஒட்டு நாடாவை வைத்துக்கொள்வது ஒன்று; முதலில் அதைப் புறங்கையிலே நாலைந்து முறை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். உதட்டுச் சாயத்தின் மேல் மெல்லிய காகிதத்தை வைத்து அதன் வழியே பவுடரை ஒற்றுவது மற்றொன்று. பழைய சினிமாக்காரர்கள் அறிந்ததையே இப்போது புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் எந்தச் சாயமாக இருந்தாலும் சோளா பட்டூராவின் எண்ணெய்க்கு முன்னே நிற்காது. நீருக்கு அசையாத படலம் எண்ணெய்க்கு இளகிவிடும். மூக்கின் மேல் ஒப்பனை முதலில் கலைவதும் இதனால்தான். வேர்வையைக் காட்டிலும் எண்ணெய்ப்பசைதான் பகை. பையிலே ஒரு மெல்லிய காகிதம் இருந்தால் ஒற்றிக்கொள்ளலாம். தேய்க்காதீர்கள்.

இந்த ஆண்டு பிரியாவிடையை நடத்தப்போகும் தம்பி தங்கையருக்கு ஒரு வேண்டுகோள். ஒப்பனைக்கு ஆள் அழைத்து வருவதாக இருந்தால், கட்டணம் பேசுவதற்கு முன்னால் அவர் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நம்மிலே கறுத்தவருக்கு ஏற்ற நிறம் அதிலே இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக எதைப் பூசுவதானாலும் இரண்டு நாள் முன்பே காதின் பின்னால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒப்பனை அறையாக ஒவ்வோர் ஆண்டும் அந்த நீல விளக்கு எரியும் கிடங்கையே ஒதுக்குகிறார்கள். அதை விட்டு, மாலை வெயில் விழுகிற மேற்குச் சன்னல் அறையிலே ஒரு பெரிய கண்ணாடியை வையுங்கள். நான்கு மணிக்கே திறந்துவிடுங்கள்.